ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் ஆரோகண அவரோகணம் ஒன்றே என்றால், இசை இலக்கணம் எதைத்தான் விளக்குகிறது?

நாற்பதில்வீணை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாற்பது வயதைக் கடந்த பிறகு வீணை கற்கத் தொடங்கி, இப்போது ஆறாவது ஆண்டில் இருக்கிறேன். என் மகள் கீபோர்டு வகுப்புக்குச் செல்கிறாள். அவளுக்கு வாசிப்புத் தேர்வோடு தியரித் தேர்வும் தனியாக உண்டு. சென்ற வாரம் அவள், "அம்மா, உங்கள் பாட்டுக்கும் தியரி இருக்கிறதா?" என்று கேட்டாள். ஏன் இல்லை என்று பெருமையோடு 72 மேளகர்த்தாக்களின் (தாய் ராகங்களின்) அட்டவணையை எடுத்துக் காட்டி, ஒவ்வொரு மேளத்தின் கீழும் ஜன்ய ராகங்கள் (அதிலிருந்து பிறந்தவை) எப்படி அடுக்கப்பட்டுள்ளன என்று விளக்கத் தொடங்கியவள், பத்தே நிமிடத்தில் மாட்டிக்கொண்டேன்.

29ஆவது மேளமான தீரசங்கராபரணத்தின் கீழ் ஆரபி இருக்கிறது, தேவகாந்தாரியும் இருக்கிறது. இரண்டுக்கும் ஆரோகணம் (ஏறும் வரிசை) ஸ ரி ம ப த ஸ. அவரோகணம் (இறங்கும் வரிசை) ஸ நி த ப ம க ரி ஸ. சுரத்தானங்களும் அவையே. "அப்படியானால் ஒரே ராகத்துக்கு இரண்டு பெயர் வைத்திருக்கிறீர்களா?" என்று அவள் கேட்டதற்கு என்னிடம் விடை இல்லை. யாரேனும் பாடத் தொடங்கினால் இரண்டொரு நொடியில் இது ஆரபி, இது தேவகாந்தாரி என்று என்னால் சொல்லிவிட முடியும். என் காது பிரித்தறிகிற ஒன்றைப் பிரித்துக் காட்ட இயலாத இலக்கணம் எதற்கு? முன்பு எனக்குக் கற்பித்த ஆசிரியரிடம் இப்படி எதையாவது கேட்டால், "கேட்பதை விட்டுவிட்டு வாசி" என்பதே பதிலாக வரும். இங்கேயாவது யாரேனும் பொறுமையாக விளக்குவீர்கள் என்று நம்புகிறேன்.


அகாரசாதகம் எழுதியது:

உங்கள் மகளின் கேள்வி மிகச் சரியான கேள்வி, அம்மா. இருபது ஆண்டுகளாக வாய்ப்பாட்டு கற்பித்து வருகிறேன். இதே இடத்தில் தடுக்கி விழாத மாணவரை நான் பார்த்ததில்லை.

முதலில் மேளகர்த்தா என்ன செய்கிறது என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஸ (ஷட்ஜம்), ப (பஞ்சமம்) ஆகிய இரண்டும் அசையாதவை. ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் சேர்த்து நான்கு இடங்கள் உள்ளன. அவற்றில் இரண்டை எடுக்க ஆறு வழிகள். தைவத நிஷாதங்களுக்கும் அதேபோல் ஆறு. மத்திமம் இரண்டு. ஆறை ஆறால் பெருக்கி இரண்டால் பெருக்கினால் 72 வருகிறது. பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் அவையைச் சார்ந்திருந்த வேங்கடமகி 'சதுர்தண்டிப் பிரகாசிகை'யில் இந்தக் கணக்கைப் போட்டபோது, அவற்றில் 19 மேளங்களே வழக்கில் இருப்பதாகக் குறித்தார். மற்றவை வெறும் கட்டங்கள். அப்போது அவற்றில் பாடுவாரில்லை. கணக்கு முன்னே சென்று இடம் போட்டு வைத்தது, பாட்டு பின்னால் வந்து நிரப்பியது. கோடீசுவர ஐயர் 72 மேளங்களிலும் தமிழிலேயே கீர்த்தனைகள் இயற்றியது அப்படி வந்ததுதான். நடைமுறையில் இல்லாத ஒன்றுக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்க முடிந்தது இலக்கணத்தின் பெரிய வலிமை என்று நான் கருதுகிறேன்.

ஆனால் மேளம் சொல்வது எந்தெந்தச் சுரங்கள் என்பதை மட்டுமே. ஒரு சுரத்தில் எவ்வளவு நேரம் நிற்பது, எதிலிருந்து வழுக்கி அதற்கு வருவது, எதைத் தொட்டவுடன் விடுவது என்பவையெல்லாம் அதன் கணக்கில் இல்லை. ஆரபியில் காந்தாரமும் நிஷாதமும் அவரோகணத்தில் மட்டும், அதுவும் கண நேரம் வந்து போகின்றன. காந்தாரம் மத்திமத்தின் மேலும், நிஷாதம் ஷட்ஜத்தின் மேலும் சாய்ந்துகொண்டே ஒலிக்கும். தானத்துக்குரிய (தாளமின்றி லயத்தோடு விரிக்கும் பகுதிக்குரிய) கன ராகங்கள் ஐந்தில் ஆரபியும் ஒன்று என்பதே அதன் விறைப்பைச் சொல்லிவிடுகிறது. தேவகாந்தாரி அப்படியன்று. அது விளம்பத்தில் (மெதுவான நடையில்) அசைந்து அசைந்து வரும். அதன் காந்தாரம் ஊசலாடி நின்று, பிறகே ரிஷபத்துக்கு இறங்கும். தியாகராஜர் ஒருவரே ஆரபியில் 'சாதிஞ்செனே'யையும் தேவகாந்தாரியில் 'க்ஷீரசாகர'வையும் இயற்றியிருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

இது யாப்பைப் போன்றதுதான். வெண்பாவுக்கு இன்ன சீர், இன்ன தளை என்று இலக்கணம் சொல்லும். புகழேந்தியின் வெண்பாவும் காளமேகத்தின் வெண்பாவும் அந்த இலக்கணத்துக்கு உட்பட்டவையே. ஆனாலும் இரண்டும் ஒன்றாகிவிடுவதில்லை.


நாற்பதில்வீணை எழுதியது:

விரிவான விளக்கத்துக்கு நன்றி. ஆயினும் உங்கள் வெண்பா உவமை எனக்குப் பொருந்துவதாகத் தோன்றவில்லை. புகழேந்தி எழுதியதும் காளமேகம் எழுதியதும் இரண்டுமே வெண்பா என்றே வழங்குகின்றன. அங்கே பாவகை ஒன்று, கவிஞர்கள் இருவர். இங்கேயோ மரபே இரண்டு பெயர் சூட்டி, இரண்டு வெவ்வேறு ராகங்கள் என்கிறது. அப்படியானால் வேறுபாட்டை எடுத்துச் சொல்வதும் இலக்கணத்தின் கடமைதானே?


அகாரசாதகம் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், உவமை நொண்டுகிறது. ஆனால் அந்தக் கடமையை மரபு முற்றிலும் விட்டுவிடவும் இல்லை. 1904இல் எட்டயபுரத்தில் அச்சான சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி'யைப் பாருங்கள். ஆரோகண அவரோகணத்தோடு நிறுத்தாமல், ஒவ்வொரு ராகத்துக்கும் உரிய சஞ்சாரங்களை (வழக்கமான சுரத் தொடர்களை) அவர் தருகிறார். கமகங்களுக்கென்று (சுரத்தை அசைக்கும் முறைகளுக்கென்று) தனிக் குறியீடுகள் வகுத்துச் சுரங்களின் மேல் இடுகிறார். இலக்கணம் என்றாலே அட்டவணை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது, பிற்காலத்துப் பாடநூல்கள் அதைத் தேர்வுக்கேற்பச் சுருக்கியதால் வந்த வினை. நான் கற்பிக்கும் பாடத்திட்டமும் இந்தக் குற்றச்சாட்டுக்கு விலக்கன்று.


ஓய்வுபெற்ற_அதிர்வெண் எழுதியது:

பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பாடத் தெரியாது, கேட்கத் தெரியும். இசைக் கோட்பாடு என்ற சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு செயல்கள் கலந்து கிடக்கின்றன என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

ஒன்று, ஒலி ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று கேட்பது. தம்புராவின் இரண்டு தந்திகள் ஏறக்குறைய ஒத்திருந்து, ஒன்று நொடிக்கு 220 அதிர்வும் மற்றது 223 அதிர்வும் கொண்டிருந்தால், நொடிக்கு மூன்று முறை ஒலி பெருத்துச் சிறுக்கும். சுருதி சேர்ப்பவர் கேட்பது அந்த அலைவைத்தான். அது மெதுவாகி மறையும்போது தந்திகள் சேர்ந்துவிட்டன. பஞ்சமம் ஷட்ஜத்தின் 3/2 மடங்கு அதிர்வெண் கொண்டது என்பதும், அந்த எளிய விகிதத்தால் இரண்டின் மேற்சுரங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றன என்பதும் இந்த வகை விளக்கங்களே.

மற்றொன்று, ஒரு சமூகம் அந்த ஒலிகளிலிருந்து எதைத் தேர்ந்தெடுத்தது, எப்படிக் கோத்தது என்று எழுதி வைப்பது. ஆரபியும் தேவகாந்தாரியும் அங்கேதான் இருக்கின்றன. அங்கே இயற்பியல் வாயை மூடிக்கொள்ள வேண்டும். 3/2 என்ற விகிதத்திலிருந்து தேவகாந்தாரியின் அசைவைத் தருவிக்க யாராலும் முடியாது.

இரண்டும் உரசிக்கொள்ளும் ஓர் இடத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கோட்பாட்டின் பயன் எனக்கு அங்கேதான் விளங்கியது. ஷட்ஜத்துக்குப் பஞ்சமம், அந்தப் பஞ்சமத்தை ஷட்ஜமாக வைத்து அதற்கொரு பஞ்சமம் என்று பன்னிரண்டு முறை ஏறிச் சென்றால், ஏழு ஸ்தாயிகளுக்கு (ஒரு ஸ முதல் அடுத்த ஸ வரை ஒரு ஸ்தாயி) மேலே, தொடங்கிய சுரத்துக்கே வந்து சேர வேண்டும் என்று காது எதிர்பார்க்கும். கணக்கோ ஒத்துழைப்பதில்லை. 3/2ஐப் பன்னிரண்டு முறை பெருக்கினால் ஏறத்தாழ 129.75, ஏழு ஸ்தாயி என்பது 128. இந்தச் சிறு மிச்சத்தை எங்கே ஒளித்து வைப்பது என்பதே உலகத்துச் சுருதி முறைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான தலைவலி. உங்கள் மகளின் கீபோர்டு, ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்குகளாக்கி, மிச்சத்தை எல்லார் தலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிவிடுகிறது. ஸ்தாயியை 1200 சென்ட் என்று கொண்டால், அதன் பஞ்சமம் 700 சென்ட். இயல்பான பஞ்சமம் 702. வேறுபாடு காதுக்குத் தட்டுப்படுவது அரிது. ஆனால் அந்தர காந்தாரம் 386 சென்ட்டில் இருக்க வேண்டிய இடத்தில் 400இல் நிற்கிறது. தம்புராவோடு சேர்த்து அதை நீளமாக ஒலிக்கவிட்டால் உறுத்தும். 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கி வைத்ததற்குப் பின்னால் இருந்த வாதங்களில், கமகம் வராது என்பதோடு இந்தச் சம பங்கீட்டுக் குறையும் சொல்லப்பட்டது.


கோடிப்பாலை எழுதியது:

அதிர்வெண் ஐயா சொன்ன பஞ்சமத்துக்குப் பஞ்சமம் என்ற ஏற்றத்தை, சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவை ஆட்டமாகவே காட்டுகிறது. மாதரி ஏழு ஆயர் மகளிரை நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு நரம்புகளின் (சுரங்களின்) பெயரை அவர்களுக்குச் சூட்டுகிறாள். அவர்களுள் குரலை மாயவன் என்றும், இளியை வெள்ளை நிறத்தவனாகிய பலராமன் என்றும், துத்தத்தைக் கண்ணனின் துணைவியான பின்னை என்றும் அழைக்கிறாள். குரலை ஸ என்று கொண்டால் இளி ப. இளிக்கு இளி துத்தம், அதாவது ரி. கதையில் உறவுடைய மூவரும் இசையிலும் இளி முறையால் அடுத்தடுத்து உறவுடையவர்கள். இதைத் தற்செயல் என்று கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

இந்த இலக்கணம் என்ன விளக்குகிறது என்று கேட்டால், பாலைத் திரிபைச் சொல்வேன்: ஒரு சுர வரிசையில் வேறொரு சுரத்தைத் தொடக்கமாக்கி வேறொரு வரிசையைப் பெறுவது. பழந்தமிழ் இசையின் செம்பாலையை இன்றைய அரிகாம்போதி என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். அதன் சுரங்களை மாற்றாமல், துத்தத்தைக் குரலாக்கினால் நடபைரவி, உழையைக் குரலாக்கினால் சங்கராபரணம், இளியைக் குரலாக்கினால் கரகரப்பிரியா, விளரியைக் குரலாக்கினால் தோடி, தாரத்தைக் குரலாக்கினால் கல்யாணி. கைக்கிளையைக் குரலாக்கினால் மட்டும் பஞ்சமம் இல்லாமல் போய் இரண்டு மத்திமங்கள் வந்து நிற்கும். இத்தனை பெரிய ராகங்கள் ஒரே குடும்பம் என்பதைக் காது தானாகக் கண்டுபிடிக்காது. தோடியையும் கல்யாணியையும் அடுத்தடுத்துக் கேட்டு உடன்பிறந்தவை என்று சொல்பவர் யார்? இலக்கணம் சொல்லித்தான் அது தெரிகிறது.

ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' இந்த இளி முறையைத்தான் பற்றிக்கொண்டு, ஸ்தாயியில் 22 சுருதிகள் (நுண் இடைவெளிகள்) என்ற கொள்கையை மறுத்து, 24 சமமான சுருதிகள் என்று நிறுவ முற்பட்டது.


ஓய்வுபெற்ற_அதிர்வெண் எழுதியது:

பண்டிதர் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. அந்தக் காலத்தில் தம் சொந்தச் செலவில் தஞ்சையில் இசை மாநாடுகள் கூட்டி, எல்லாத் தரப்பினரையும் அழைத்து வாதிட்டவர். ஆனால் அந்தக் கணக்கோடு எனக்கு உடன்பாடில்லை. துல்லியமான 3/2ஐக் கொண்டு ஏறினால் சமமான பங்குகள் வரவே வாரா; நான் மேலே சொன்ன மிச்சம் அதற்குத்தான் சாட்சி. அதே சமயம், 22 என்போரும் என்னை நம்ப வைக்கவில்லை. தோடியின் காந்தாரத்தைக் கணினியில் வரைந்து பார்த்தால், ரிஷபத்துக்கு அருகிலிருந்து மத்திமத்தை நோக்கி ஏறி இறங்கும் ஓர் அலையே தெரியும். அந்த அலையின் எந்தப் புள்ளியைக் காட்டி, இதுதான் இத்தனையாவது சுருதி என்று சொல்வது?


கோடிப்பாலை எழுதியது:

சமப் பங்கீடு பற்றிய மறுப்பை ஏற்கிறேன். பண்டிதரின் முறை சரி, முடிவு வேறு என்று பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.


வலந்தலை எழுதியது:

சுரக்காரர்கள் மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். தாளத்தையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். மிருதங்கம் வாசிப்பவனுக்கு இலக்கணம் தேர்வுத் தாளில் இல்லை, கையிலேயே இருக்கிறது.

ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை; ஒவ்வொன்றுக்கும் நான்கு மாத்திரை என்றால் ஓர் ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு சுற்றுக்கு) 32. ஐந்து மாத்திரை கொண்ட 'ததிங்கிணதொம்' என்ற சொல்லை மூன்று முறை வைத்து, நடுவில் இரண்டிரண்டு மாத்திரை கார்வை (இடைவெளி) விட்டால் மொத்தம் 19. சமத்தில் (சுற்றின் தொடக்கத்தில்) வந்து விழ வேண்டுமானால் 13 மாத்திரை கழித்துத் தொடங்க வேண்டும். அதாவது மூன்று எண்ணிக்கை முடிந்து ஒரு மாத்திரை தள்ளி. பாட்டின் எடுப்பு (தொடங்கும் இடம்) அரை இடம் தள்ளி இருந்தால், இரண்டைக் கூட்டி 15 மாத்திரைக்குப் பிறகு தொடங்க வேண்டும். கேட்பவர் தலையை ஆட்டி "ஆகா" என்னும் இடம் எப்படி அவ்வளவு சரியாக வந்து பொருந்தியது என்பதற்கு விளக்கம் இந்தக் கழித்தல் கணக்குதான். ஆனால் அதே கணக்கை ஒரு மாணவன் வாசித்தால் அரங்கம் சும்மா இருக்கும், என் குருநாதர் வாசித்தால் எழுந்து நிற்கும். அதற்குக் கணக்கில் விடை கிடையாது.

இயற்பியல் ஐயாவுக்கு ஒன்று. சாதாரணமாக இழுத்துக் கட்டிய தோலின் மேற்சுரங்கள் 1.59, 2.14 என்று தாறுமாறான மடங்குகளில் வருமென்றும், வலந்தலையில் (மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலில்) நாங்கள் படியவைக்கும் கரணை என்ற கருஞ்சாந்துதான் அவற்றை முழு எண்களுக்கு அருகில் கொண்டுவந்து நிறுத்துகிறது என்றும், 1920இல் சர் சி.வி.ராமன் தம் சக ஆய்வாளரோடு 'நேச்சர்' இதழில் எழுதினார். கரணை போடுகிறவர்கள் அதற்கு முன்பே பல தலைமுறைகளாக அதைக் காதால் கேட்டுக் கேட்டுப் படியவைத்துக் கொண்டிருந்தார்கள். நன்னூலார் சொன்ன "இலக்கியம் கண்டதற்கு இலக்கணம்" என்ற வரிசை இங்கேயும் மாறவில்லை.


கார்டு_கணேசன் எழுதியது:

திரையிசைப் பதிவுகளுக்குக் கீபோர்டு வாசித்து, இசைக்கோப்புப் பணியும் செய்பவன். மேலைத் தியரி நமது ராகத்துக்கு உதவாது என்று அடிக்கடி சொல்லப்படுவதால், எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன்.

இந்தோளத்தில் அமைந்த ஒரு மெட்டுக்குக் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டு) அமைக்கச் சொன்னார்கள். இந்தோளம் ஸ க ம த நி. சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். பஞ்சமம் இல்லாததால் ஷட்ஜத்தின் மீது முழுமையான கார்டு அமையாது. எனவே, ராகத்துக்கு வெளியே போகாமல் கிடைக்கிற த, ஸ, க மூன்றையும் சேர்த்து, சுத்த தைவதத்தை அடியாகக் கொண்ட மேஜர் கார்டை வைத்தேன். ஒரு சுரம்கூட அன்னியமில்லை. ஆனால் பாடகர் இரண்டாவது அடியிலேயே நிறுத்திவிட்டு, "இது மோகனம் மாதிரி கேட்கிறதே" என்றார்.

காரணம் பிற்பாடுதான் புரிந்தது. மோகனத்தின் காந்தாரத்தை ஷட்ஜமாக்கினால் இந்தோளம் வருகிறது. ரிஷபத்தை ஆக்கினால் மத்தியமாவதி, பஞ்சமத்தை ஆக்கினால் சுத்த சாவேரி, தைவதத்தை ஆக்கினால் சுத்த தன்யாசி. இந்தோளத்தின் தைவதம் இருக்கும் இடமே அந்த மோகனத்தின் ஷட்ஜம். கச்சேரியில் தம்புரா ஷட்ஜத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதால் மெட்டு நகராது. பதிவில் தம்புரா இல்லை, அடியில் ஒலிக்கும் பேஸ் எதைச் சொல்கிறதோ அதுவே ஷட்ஜமாகிவிடுகிறது. அடியை மட்டும் ஷட்ஜத்துக்கு மாற்றி, மேலே ம, த, ஸ மூன்றையும் மைனர் கார்டாக வைத்தேன். இந்தோளம் திரும்பி வந்தது. கோடிப்பாலை அவர்கள் சொன்ன திரிபும், கார்டின் அடிச்சுரம் என்ற மேலைக் கருத்தும் சேர்ந்துதான் இதை விளக்குகின்றன. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு நான் இன்னும் விழித்துக்கொண்டே இருந்திருப்பேன்.


நாற்பதில்வீணை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று மாலை வீட்டில் ஒரு சோதனை செய்தோம். அகாரசாதகம் அவர்கள் சொன்னபடி இரண்டு ராகங்களின் சிறு சஞ்சாரங்களை நான் மகளுக்கு எழுதிக் கொடுத்தேன். அவள் அவற்றைக் கலைத்து, எதையென்று சொல்லாமல் கீபோர்டில் வாசித்தாள். கீபோர்டில் கமகமே இல்லையாதலால், என்னால் பிரிக்க முடியாது என்றே நினைத்திருந்தேன். ஆனால் பெரும்பாலானவற்றைச் சரியாகச் சொல்லிவிட்டேன். அப்படியானால் கமகம் இல்லாமலே ஏதோ ஒன்று அடையாளம் காட்டுகிறது.

பிறகுதான் அவள் தந்திரம் செய்தாள். தேவகாந்தாரியில் ஒரு சஞ்சாரத்தை இரு மடங்கு வேகத்தில் வாசித்தாள். நான் கொஞ்சமும் தயங்காமல் ஆரபி என்றேன். அவள் சிரித்த சிரிப்பு இன்னும் ஓயவில்லை. நான் ராகம் என்று நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி காலப்பிரமாணமாக (வேகமாக) இருந்திருக்கிறதே! இதை எந்த அட்டவணையில் எழுதுவது?

வீணையில் வாசிக்கும்போது இன்னொன்றும் கவனித்தேன். ஆரபியில் காந்தார மெட்டை (தந்தியை அழுத்தும் கட்டையை)த் தொட்டவுடன் விரல் விலகிவிடுகிறது. தேவகாந்தாரியில் காந்தார மெட்டுக்கே போகாமல், ரிஷப மெட்டில் தந்தியை இழுத்துத்தான் காந்தாரத்தை வரவழைக்கிறேன். ஆறு ஆண்டுகளாக விரல் இதைச் செய்துகொண்டிருக்கிறது, எனக்குத் தெரியாது.


அகாரசாதகம் எழுதியது:

உங்கள் மகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். தேவகாந்தாரியில் துரித காலத்தில் கற்பனை சுரம் பாட முற்படும் மாணவர்களை நாங்கள் தடுப்பதற்குக் காரணம் அதுவேதான். வேகம் கூடினால் காந்தாரம் நிற்க நேரமில்லாமல் ஆரபிக்குள் போய் விழும்.

இனி அவளை எதிர்த்திசையில் செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஆரபியின் சஞ்சாரத்தைப் பாதி வேகத்தில் வாசிக்கட்டும். அது தேவகாந்தாரியாகிவிடாது என்பது என் எண்ணம். வெறுமனே சோம்பலான ஆரபியாகத்தான் ஒலிக்கும். அப்படி ஒலித்தால், வேறுபாடு முழுவதும் காலப்பிரமாணத்தில் இல்லை என்று ஆகும். கேட்கும்போது காந்தாரத்தை விட்டுவிட்டு நிஷாதத்தைக் கவனியுங்கள். ஷட்ஜத்திலிருந்து தைவதத்துக்கு இறங்கும் அந்த ஒரே இடத்தை வீணையிலும் மெதுவாக வாசித்து, விரல் நிஷாத மெட்டில் நிற்கிறதா, உரசிக்கொண்டு போகிறதா என்று பார்த்து எழுதுங்கள்.